பிறந்த மண்ணுக்குத் திரும்பிய டாக்டர்கள்



ஊரில் ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால் என்ன சொல்வார்கள்? “பட்டணம் போய்ப் பிழைத்துக்கொள்” என்பார்கள். இன்னும் நன்றாகப் படித்தால் “வெளிநாடு போ” என்பார்கள். வெளிநாடு போய்ப் படித்த ஒரு கணவனும் மனைவியும் காட்டு ஊருக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள்? வந்து என்ன செய்தார்கள்? கேளுங்கள்.

கணவர் பெயர் அபய் பங். மனைவி பெயர் ராணி பங். இருவரும் டாக்டர்கள். மகாராஷ்டிர மாநிலத்தவர்கள்.

அபய் பங் வார்தாவில் வளர்ந்தவர். காந்தியடிகள் வாழ்ந்த சேவாகிராமம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆசிரமச் சூழலில் அவர் வளர்ந்தார். ராணி பங் சந்திரபூரைச் சேர்ந்தவர். வார்தாவும் சந்திரபூரும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள்.

இருவரும் நாக்பூரில் மருத்துவம் படித்தார்கள். எம்.டி. பட்டம் பெற்றார்கள். ராணி பங் பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ந்தவர். 1977-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. பிறகு அமெரிக்கா சென்று பொது சுகாதாரம் படித்தார்கள். 1984-இல் படிப்பு முடிந்தது. அங்கேயே இருந்திருக்கலாம். கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

எந்த ஊருக்கு? கட்சிரோலிக்கு. அது சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பகுதியாக இருந்தது. 1982-இல் தனி மாவட்டம் ஆனது. பெரும் பகுதி காடு. கோண்டு பழங்குடி மக்கள் நிறைய வாழ்கிறார்கள். மழை பெய்தால் ஓடைகள் பெருகும். பாதை அடைபடும். அங்கே ‘சர்ச்’ என்ற தொண்டு நிறுவனத்தை இருவரும் தொடங்கினார்கள்.

முதலில் அவர்கள் ஒரு ரத்த நோயை ஆராய்ந்தார்கள். பழங்குடி மக்களிடம் அந்த நோய் பரவலாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மக்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர்களுடைய கவலைகள் வேறு. அப்போதுதான் டாக்டர்களுக்கு ஓர் உண்மை புரிந்தது. உதவி செய்ய வருகிறவர் முதலில் கேட்க வேண்டும். “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்க வேண்டும்.

அதன் பிறகு கேட்டார்கள். “ஆஸ்பத்திரிக்கு ஏன் வருவதில்லை?” என்று பழங்குடி மக்களிடம் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். வெள்ளைத் துணி இறந்தவருக்குப் போர்த்துவது. அதனால் பயமாக இருக்கிறது என்றார்கள். நோயாளியோடு சொந்தக்காரர்களைத் தங்க விடுவதில்லை என்றும் சொன்னார்கள். ஆகவே புதிய ஆஸ்பத்திரியைக் குடிசைகள் போலக் கட்டினார்கள். சொந்தக்காரர்கள் கூடவே தங்கலாம். மக்கள் கும்பிடும் தந்தேஸ்வரி அம்மன் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ராணி பங் பெண்களோடு பேசினார். வெளியே சொல்ல வெட்கப்படும் நோய்களைப் பற்றிக் கேட்டார். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார். 100 பேரில் 92 பேருக்குக் கர்ப்பப்பை தொடர்பான நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் இப்படிப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 8 பேர்தான். எத்தனை பெண்கள் வாய் திறக்காமல் துன்பப்பட்டார்கள், பாருங்கள்! 1989-இல் இந்த ஆராய்ச்சி வெளியானது. பல நாடுகளின் மருத்துவர்கள் இதைப் படித்தார்கள்.

ஒரு மழைக்கால மாலை. இரண்டு பெண்கள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது.

அபய் பங்கால் அதை மறக்க முடியவில்லை. இந்தக் குழந்தை ஏன் இறந்தது என்று யோசித்தார். வறுமை. கர்ப்ப காலத்தில் தாய்க்கு மலேரியா. சுத்தமில்லாத பாட்டில் பால். பாலம் இல்லாத ஓடை. இப்படி எண்ணி 18 காரணங்கள் கண்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் ஒன்றை மாற்றலாம். குழந்தை ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லையா? வைத்தியம் குழந்தையின் வீட்டுக்குப் போகட்டும்!

வீட்டுக்குப் போய் வைத்தியம் செய்ய யார் இருக்கிறார்கள்? கிராமத்துப் பெண்கள்தான் இருக்கிறார்கள்.

குழந்தைகளை நிமோனியாக் காய்ச்சல் கொன்றது. மூச்சு மிக வேகமாக வந்தால் அது நிமோனியாவின் அடையாளம். மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் ஊர் மருத்துவச்சிகளுக்குப் பத்துக்கு மேல் எண்ணுவது கடினம். அதற்கும் வழி கண்டார்கள். ஒரு சிறு கருவி செய்தார்கள். அதில் ஒரு நிமிட மணல் கடிகாரமும் கோத்த மணிகளும் இருந்தன. பத்து மூச்சு ஆனதும் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் கொட்டி முடிவதற்குள் சிவப்பு மணியைத் தள்ள வேண்டி வந்தால் ஆபத்து. உடனே மருந்து தர வேண்டும். எழுத்து அறியாத பெண்களும் நோயைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து, ஓரளவு படித்த கிராமப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். அவர்களுக்கு ‘ஆரோக்கிய தூதர்’ என்று பெயர். 39 கிராமங்களில் அவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பிறந்த குழந்தையை எடை போட்டார்கள். குளிர் தாக்காமல் காத்தார்கள். தாய்ப்பால் கொடுக்க உதவினார்கள். கிருமி தாக்கினால், பெற்றோர் சம்மதம் பெற்று ஊசியும் போட்டார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள்.

பலன் என்ன தெரியுமா? முன்பு அந்தக் கிராமங்களில் பிறந்த 1,000 குழந்தைகளில் 62 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. வேலை தொடங்கிய மூன்றாம் ஆண்டில் அது 25 அளவுக்குக் குறைந்தது. இந்த உதவி இல்லாத 47 கிராமங்களில் சாவு குறையவில்லை. 1999-இல் இந்த விவரம் உலகுக்குத் தெரிந்தது.

2011-இல் இந்திய அரசு இந்த வழியைப் பின்பற்றியது. ‘ஆஷா’ பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். 42 நாட்களுக்குள் 6 அல்லது 7 முறை பார்க்க வேண்டும் என்பது விதி. கட்சிரோலியில் விதைத்தது நாடெங்கும் முளைத்தது. 2018-இல் அபய் பங்குக்கும் ராணி பங்குக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சகோதர சகோதரிகளே! அந்த டாக்டர்கள் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தாங்கள் கற்றதை ஊர்ப் பெண்களின் கையில் கொடுத்தார்கள். பணம் செலவாகும். கற்றுக்கொடுத்தது ஊரிலேயே தங்கும்.

நீங்களும் இப்போது படிக்கிறீர்கள். பிறந்த குழந்தை பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டால், துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். ஊருக்குத் திருப்பித் தருவது இப்படித்தான் தொடங்கும்.