மருந்துக்கு மசியாத புற்றும் வெளிச்சமும்
(அண்ணாமலை நகர்ச் சொற்பொழிவு)



புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிறார்கள், கட்டி கரைகிறது. சில மாதம் சென்றதும் மறுபடி வளருகிறது. அதே மருந்து இப்போது கேட்பதில்லை. உடனே வீட்டார், "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி, ஆஸ்பத்திரியை விட்டு மந்திரவாதியிடம் ஓடுகிறார்கள். இது எழுத்தா, அல்லது காரணமுள்ள காரியமா என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

முக்கியமான காரணம் ஒன்றை 1976-லேயே கானடாவில் ஜூலியானோ, லிங் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். பிச்சாவரத்துப் படகோட்டி, படகில் ஏறும் நீரை அள்ளி வெளியே கொட்டுகிறானல்லவா? அதுபோலவே புற்று உயிரணுவின் மேல்தோலிலுள்ள ஒரு புரதம், உள்ளே போன மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. ஒரு மருந்தை மட்டுமல்ல, பல மருந்துகளை இறைக்கிறது. இதில் விதிக்கு என்ன வேலை?

இனி வெளிச்சத்துக்கு வருவோம். 1900-ல் ம்யூனிக் நகரில் ராப் என்ற மாணவர், சாயம் கலந்த நீரிலிருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் செத்து, இருட்டில் பிழைத்திருப்பதைக் கண்டார். 1993-ல் கானடா அரசாங்கம் மூத்திரப்பைப் புற்றுக்கு இவ்வித வைத்தியத்தை அங்கீகரித்தது. மருந்து கட்டியில் சேர்ந்தபின் அவ்விடத்தில் மாத்திரம் வெளிச்சம் பாய்ச்சுகிறார்கள். அப்போது பிராணவாயு உக்கிரமடைந்து, உயிரணுவின் மேல்தோலையும் உள்ளுறுப்புகளையும் எரிக்கிறது. இறைக்கும் புரதமும் சேர்ந்து கெடக்கூடும். அள்ளும் பாத்திரமே உடைந்தால் படகோட்டி என்ன செய்வான்? பழைய மருந்து மறுபடி உள்ளே தங்க வழியுண்டாகும் என்பதே ஆராய்ச்சிக்காரர்களின் எண்ணம்.

குறையையும் மறைக்கக்கூடாது. வெளிச்சம் சதைக்குள் வெகு ஆழம் போகாது. சில வெளிச்ச மருந்துகளையும் புற்று இறைத்துவிடுகிறது. மருந்துண்டவர் பல நாள் வெயிலுக்கு ஒதுங்கியிருக்க வேண்டும்.

இந்த ஊரிலும் இவ்வேலை நடக்கிறது. தவிட்டிலுள்ள பெருலிக் அமிலம் அந்த இறைப்பை அடக்குகிறதென்று அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையார் 2019-ல் வெளியிட்டார்கள். அது சோதனைச்சாலை முடிவு, நோயாளிக்கு மருந்தாகிவிடவில்லை. ஆகவே தவிடு தின்றால் போதும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டுக் கார்போகரிசியிலும் வெளிச்சத்தில் வேலை செய்யும் பொருள் இருக்கிறது; அதைத் தாமாகவே பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும்.

ஆகையால் தோழர்களே! மருந்து கேட்கவில்லையென்றால், "ஏன் கேட்கவில்லை? வேறு வழி என்ன?" என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்டவர்களால்தான் இத்தனையும் தெரியவந்தது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.