எறிபொருள் கணக்கும் நம் பிள்ளைகளும்

(மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவை எடுத்த நம் பிள்ளைகள் சிலர், எறிபொருள் இயக்கம் என்னும் பாடத்தைக் கண்டு அஞ்சி, வேறு பிரிவுக்கு மாறிவிடலாமா என்று மாலை வகுப்பில் எம்மிடம் கேட்டனர். கணக்கு நமக்கு வராது என்று பிறர் சொல்லிச் சொல்லி, நாமும் அதை நம்பத் தலைப்பட்டோம். அது பொய் என்பதை ஒரே ஒரு கணக்கைக் கொண்டு இன்று காட்ட விரும்புகிறோம்.

கட்டட வேலையில் கீழே நிற்பவர் செங்கலை வீச, சாரத்தின்மேல் நிற்பவர் அதைப் பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். கல் ஏறி, வேகம் தணிந்து, கையருகே தயங்கும் கணத்தில் அவர் பற்றிக்கொள்கிறார். நம் பெற்றோரின் கைகள் அறிந்த இதனையே தேர்வுத்தாள் எண்ணில் கேட்கிறது.

சாய்வாக எறிந்த பொருள் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, முன்னே செல்வது. மற்றொன்று, மேலேறி இறங்குவது. காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், முன்செல்லும் வேகம் மாறுவதில்லை. ஏறும் வேகத்தை மட்டுமே புவியீர்ப்பு குறைக்கிறது. இவ்வாறு பிரித்துப் பார்த்தே, எறிபொருளின் பாதை பரவளையம் என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் நிறுவினார்.

பிரிக்கும் கருவி எது? நீங்கள் முன்பே கற்ற செங்கோண முக்கோணம்தான். எறியும் வேகத்தைக் கர்ணமாக வரையுங்கள். தரையை ஒட்டிய பக்கம் கொசைன், எதிர்ப்பக்கம் சைன்.

ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து 30 பாகை சாய்வில் எறிகிறோம் என்று கொள்வோம். சைன் 30 என்பது 0.5, ஆகவே ஏறும் வேகம் 10 மீட்டர். கொசைன் 30 என்பது 0.866, ஆகவே முன்செல்லும் வேகம் 17.32 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8, எளிமைக்காக 10 என்று கொள்வோம். ஒவ்வொரு வினாடியும் ஏறும் வேகத்தில் 10 குறைவதால், 1 வினாடியில் பந்து உச்சியை அடையும். சராசரி வேகம் 5 ஆதலால், உச்சியின் உயரம் 5 மீட்டர். இறங்க மேலும் 1 வினாடி. ஆக 2 வினாடியில் பந்து 34.64 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். கணக்கு முடிந்தது!

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. உச்சியில் வேகம் முழுவதும் சுழியாகிவிடும் என்று எழுதிவிடுகின்றனர். சுழியாவது ஏறும் வேகம் மட்டுமே, முன்செல்லும் 17.32 அப்படியே இருக்கும்.

இனி இதே கணக்கை 60 பாகைக்கு நீங்களே செய்யுங்கள். மீண்டும் 34.64 மீட்டரே வரும். 45 பாகைக்குச் செய்தால் 40 மீட்டர் வரும். அதுவே பெருமத் தொலைவு. ஏன் என்று முக்கோணத்தைப் பார்த்துச் சிந்தியுங்கள்.

அன்புச் செல்வங்களே! முழுதாக நின்று அச்சுறுத்தியதை இரண்டாகப் பிரித்தோம். இரண்டும் நாம் அறிந்தவையாகவே இருந்தன. பிரிவை மாற்ற விண்ணப்பம் எழுதுமுன், தாளும் பென்சிலுமாக ஒருமுறை மாலை வகுப்புக்கு வாருங்கள். உடன் அமர்ந்து செய்யக் காத்திருக்கிறோம்.