வெளிநாட்டு லேத்துக்கு நம்ம ஊர்க் கரண்டு

வேலை ஓய்ந்த நாளில் கட்டில்கால், உளிப்பிடி கடைந்து நாலு காசு பார்க்கலாம் என்று சிலர் பழைய அமெரிக்க லேத்து வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனா, பிளக்கைச் சொருகுமுன் மோட்டார்த் தகட்டைப் பாருங்க. 115 வோல்ட், 60 சைக்கிள் என்றிருந்தால் உஷார்! நம்ம வீட்டுக் கரண்டு 230 வோல்ட், 50 சைக்கிள். நேரே கொடுத்தால் காயில் கருகிவிடும்.

"டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதாதா?" என்பீர்கள். அது வோல்ட்டைத்தான் குறைக்கும்; சைக்கிளை மாற்றாது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும்.

ஆகவே லேத்தை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்றுங்க. அதே குதிரைசக்தியில் நம்ம ஊர் மோட்டார் பொருத்தி, மோட்டார்ப் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகப் போட்டால் பழைய வேகம் வந்துவிடும். இணைப்பை எலக்ட்ரீசியனிடம் விடுங்க. எர்த் ஒயர் கட்டாயம்.