மலையகத்து விருந்தில்லம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

கற்றறிந்தார் பலர் பேசவிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சரக்குச் சீட்டும் பதிவேடுமாக நாட்களைக் கழித்துவரும் எழுத்தராகிய எம்மையும் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கியம் உரைக்க எமக்குத் தகுதியில்லை. கண்டதை உரைக்கும் உரிமை மட்டுமே உண்டு. ஆதலின், மலைமீது ஒரு குடும்பத்தார் நடத்திவரும் விருந்தில்லத்தைப் பற்றியும், அவ்வில்லத்தில் ஓராண்டின் பருவங்கள் வந்து செல்லும் வகையைப் பற்றியும் சில சொல்ல விழைகின்றோம்.

நம் ஒலவக்கோட்டுக் காலனியின் மொட்டைமாடியில் நின்று தெற்கே நோக்குவோமாயின், நெல்லியாம்பதி மலைத்தொடர் நீலச் சுவரெனத் தோன்றும். அதற்கப்பால் பரம்பிக்குளம், அதற்கும் அப்பால் ஆனைமலையின் தென்முகத்தில் இடுக்கி மாவட்டத்தின் வடகோடி. பறவைக்கு அது அண்மை, நமக்கோ சுற்றுவழி. கேரளத்துப் பாலக்காட்டிலிருந்து கேரளத்து மறையூருக்குச் செல்வோர் தமிழகத்துப் பொள்ளாச்சியையும் உடுமலைப்பேட்டையையும் கடந்து செல்வதே எளிது. 1932ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்ட பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2015ஆம் ஆண்டில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. திருச்செந்தூர் வண்டியில் ஏறினால் காலைப் பொழுதிலேயே உடுமலையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து மூணாறு செல்லும் பேருந்து, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னாறு வனவிலங்குப் புகலிடத்தையும் ஊடுருவி, ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் மறையூரை அடையும். அதற்கு மேலே மலைமுகட்டை ஒட்டிக் கிடப்பது காந்தளூர்.

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்று வழங்குவர். மதுரையிலிருந்து வந்து குடியேறியோர் வழியினர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் மக்கள் அங்கே பலர். அவர்கள் நாவில் இன்றும் தமிழே வாழ்கிறது. பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி அமைத்த பெருங்கற்காலத்து முனியறைகள் அங்கே உள்ளன. அரசின் காவலில் இயற்கைச் சந்தனக் காடும் உள்ளது. கேரளத்து ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்வன மூன்றே; அவற்றுள் ஒன்றாகிய பாம்பாறு இப்பள்ளத்தாக்கில் பாய்ந்து, அமராவதியாகித் தமிழகத்து வயல்களை நனைக்கிறது.

இப்பக்கத்திலுள்ள ஒரு வேளாண் குடும்பத்தாரைச் சில ஆண்டுகளாக யாம் அறிவோம். பெயரைச் சொல்வதை அவர்கள் விரும்பார். ஆகவே சொல்லாது விடுக்கின்றோம். மூன்று ஏக்கர் நிலம். அதன் நடுவே ஓட்டுவீடு. வீட்டையொட்டி வருவோர் தங்க நான்கு அறைகள். வீட்டுத் தலைவியான பாட்டியார், அவர் மகனார், மருமகளார் ஆகிய மூவரே அவ்வில்லத்தை நடத்துவோர். பெயரன் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகின்றான்.

இவ்வாறு குடும்பமே உடனுறைந்து நடத்தும் இல்லத்தை ‘ஹோம்ஸ்டே’ என்று இன்று அழைக்கின்றனர். கேரளச் சுற்றுலாத் துறை இவற்றை டயமண்ட், கோல்டு, சில்வர் என மூன்று வகையாகப் பிரித்துச் சான்றளிக்கின்றது. வாடகை அறைகள் ஆறுக்கு மேற்படலாகாது, உரிமையாளர் குடும்பம் அங்கேயே வாழ்தல் வேண்டும் என்பன முதன்மையான விதிகள். அமெரிக்க நாட்டிலும் இதற்கொப்பான வழக்கம் உண்டு. 1879ஆம் ஆண்டில் டகோட்டாப் பகுதியில் மாட்டுப்பண்ணை தொடங்கிய ஈட்டன் சகோதரர், தம்மைக் காணவந்த நண்பர் கூட்டத்துக்குச் சோறிட்டுத் தாங்க இயலாமல், பின்னர்க் கட்டணம் பெற்றுத் தங்க வைக்கத் தொடங்கினர். 1904ஆம் ஆண்டில் வயோமிங் மாநிலத்துக்குப் பெயர்ந்த அப்பண்ணை பெரும்புகழ் பெற்றது. இத்தகைய பண்ணையார் 1926ஆம் ஆண்டில் தமக்கெனச் சங்கம் கண்டபோது, அவர்க்குத் துணைநின்றது நார்தர்ன் பசிபிக் ரயில்வே ஆகும். வண்டியில் ஆள் ஏறினால் பண்ணைக்கும் வருவாய், பாதைக்கும் வருவாய் அன்றோ? இருப்புப்பாதையாராகிய நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே.

நிற்க. விருந்தினர்க்குச் சோறிட்டுக் காசு பெறுதல் தமிழர் பண்பாகுமா என்று சிலர் வினவக்கூடும். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் ஆயிற்றே! இவ்வினாவைப் பாட்டியாரிடமே யாம் கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. “கட்டிலுக்கும் வெந்நீருக்கும் வாங்குறோம் தம்பி. இலை முன்னால உட்கார்ந்தவங்க எத்தனை கரண்டி வாங்கினாங்கன்னு இந்த வீட்டுல யாரும் எண்ணுறதில்லை” என்றார். அவர் கூற்று உண்மையென்பதை எம் மக்கள் இருவரும் பலமுறை மெய்ப்பித்துள்ளனர். உள்ளவர் கொடையாக அளித்தது பழைய விருந்து. இல்லாதவர் நிலத்தை விடாது காக்கும் வழியாகச் செய்வது இப்புதிய விருந்து. இரண்டிலும் முகமலர்ச்சி ஒன்றே.

அவ்வீட்டு மருமகளாரிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஆண்டுக்கு நான்குமுறை, வீட்டுச் செய்தியையும் தோட்டத்துச் செய்தியையும் முத்துப்போன்ற எழுத்தில் தமிழில் எழுதி, அத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து, முன்னர் வந்து தங்கியோர் அனைவர்க்கும் அனுப்புவார். எம் வீட்டில் அக்கடிதம் வந்த அன்று இரவு உணவு சற்றே தாமதமாகும். சென்ற ஆண்டின் நான்கு கடிதங்களிலும் கண்டவற்றைச் சுருக்கி உரைக்கின்றோம்.

முதற்கடிதம் தை மாதத்தது. மார்கழி, தை இரவுகளில் புல்நுனியில் பனி உறையுமளவு குளிர் இறங்கும். அறைகள் நிரம்பியிருக்கும் காலம் அதுவே. விருந்தினரை மகனார் மறையூர்க் கரும்பாலைக்கு அழைத்துச் செல்வார். சாற்றைப் பெருங்கொப்பரையில் ஊற்றி, உலர்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சி, பாகு பதமானதும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் கையாலேயே உருண்டை பிடிப்பர். மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. காந்தளூர்–வட்டவடைப் பூண்டு 2021ஆம் ஆண்டில் பெற்றது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவமாதலின், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவர். “ஆடு பார்க்க வருவோர் பங்குனி கழித்து வருக, எங்களைப் பார்க்க எப்போதும் வருக” என்று அக்கடிதம் முடிந்தது.

இரண்டாங்கடிதம் சித்திரையில் வந்தது. பள்ளி விடுமுறை, கோடைமழை. கீழே பாலக்காட்டில் நாம் வெந்து கிடக்கும் அந்நாட்களில் அங்கே மாலையானால் கம்பளி வேண்டும். பிளம்ஸ், பீச் மரங்கள் காய்த்துக் குலுங்கத் தொடங்கும். பறித்துத் தின்ன விருந்தினர்க்குத் தடையில்லை. கிளையை ஒடிப்போர்க்கு மட்டும் பாட்டியாரின் சொல் கிட்டும். எனினும் சென்ற கோடையில் நான்கு அறைகளுள் இரண்டு பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தன என்ற வரியும் அக்கடிதத்தில் இருந்தது.

மூன்றாங்கடிதம் ஆடியில் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மூணாற்றுப் பக்கம் கொட்டித் தீர்க்கும். மலைமுகடு அதனைத் தடுத்து நிற்றலால் காந்தளூரில் சாரலும் மூடுபனியும், மறையூரில் வெறுங்காற்றும் மட்டுமே. ஆகவே ஆடியிலும் ஆவணியிலும் அங்கே ஆப்பிள் பழுக்கும். ஓணச் சந்தைக்கென உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு ஆகியவை மலையிறங்கும். ஆனால் மழை என்ற சொல்லைக் கேட்டாலே விருந்தினர் வருவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அழித்துவிட்டது. பின்னர் அது கட்டப்படவேயில்லை. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018ஆம் ஆண்டில் பூத்தபோது, அவ்வாகஸ்டு வெள்ளத்தால் காணவருவோர் வழியடைந்து நின்றனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இரவிகுளத்தை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் 70 பேர் மடிந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்தினர். அவர்க்காக இவ்விடத்தே ஒரு கணம் நம் நெஞ்சம் தாழ்த்துவோமாக. அவ்வாண்டே கொரோனாத் தொற்றும் வந்தமையால் அவ்வீட்டு அறைகள் பல மாதங்கள் பூட்டிக் கிடந்தன.

நான்காங்கடிதம் கார்த்திகையில் வந்தது. அப்பள்ளத்தாக்கிற்கு மெய்யான மழை வடகிழக்குப் பருவத்திலேதான். ஊற்றுகள் நிரம்பின, பூண்டுப் பாத்தி செழித்தது என்று தொடங்கிய கடிதம், பாதியில் வேறு நடை கொண்டது. ஓரிரவு காட்டானைகள் புகுந்து பீன்ஸ் பந்தலையும் பூண்டுப் பாத்தியையும் மிதித்து, ஊற்றுநீர்க் குழாயையும் நொறுக்கிச் சென்றன. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அச்சேதத்துக்குப் பின்னர் ஒருவர் நிலத்தை நல்ல விலைக்குக் கேட்டு வந்திருக்கின்றார். அவ்விடத்தே பல மாடி விடுதி எழுப்புவது அவர் எண்ணம். பெயரன் விற்றுவிடலாம் என்கின்றான். பாட்டியார் ஆகாது என்கின்றார். மகனார் இருவர்க்கும் நடுவே நிற்கின்றார்.

பெரியோர்களே! அப்பெயரனை நாம் குறைகூறல் தகாது. அவன் கணக்கறிந்தவன். சூரிய மின்வேலி அமைக்கக் கடன் வாங்கவேண்டும். கடனைக் கட்ட அறைகள் நிரம்பவேண்டும். விளைச்சலை மட்டும் நம்பினால் ஒருநாளிரவில் ஆனை கொண்டுபோகும். விருந்தினரை மட்டும் நம்பினால் ஒரு மழைச்செய்தி கொண்டுபோகும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கினால்தான் அக்குடும்பம் நிற்கும். வரும் கோடையில் அறைகள் நிரம்பினால் வேலையை விட்டு ஊர் திரும்பி வேலி அமைப்பதாக அவன் வாக்களித்துள்ளான். நிரம்பாவிடின் விற்பனைக்குப் பாட்டியாரும் தடைசொல்லார். இவ்வாறு முடிவு செய்துள்ளதை மருமகளார் மறைக்காமல் எழுதியுள்ளார்.

இந்நிலை அவ்வொரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டியில் காந்தளூர் தங்கப்பரிசு பெற்றது. பரிசு ஊருக்குப் பெருமை. அதே பரிசு நிலத்தின் விலையையும் ஏற்றும். விலை ஏற ஏற, விற்றுவிட்டுச் செல்லும் ஆசையும் ஏறும். ஐந்து ஊர் மக்களும் தம் நிலத்தில் தாமே விருந்தோம்புவோராக இருப்பரா, பிறர் கட்டிய விடுதியில் ஏவல் செய்வோராக ஆவரா என்பதே அங்குள்ள கேள்வி.

நம்மால் ஆவது என்ன? நம் காலனியில் கோடை விடுமுறையில் வெளியூர் செல்லாத குடும்பம் குறைவு. ரயில்வே பாஸ் நம் கையில் உண்டு. உடுமலை நமக்குத் தொலைவன்று. நெரிசல் மிக்க பெருவிடுதிகளை நாடிச் செல்வோர், இரு நாட்களேனும் இத்தகைய குடும்ப இல்லங்களில் தங்குவதைக் கருதிப்பார்க்க வேண்டுகின்றோம். இரக்கத்தால் செல்ல வேண்டுவதில்லை; கொடுக்கும் பணத்துக்குக் குறையாத தூய காற்றும், சுடச்சுட உணவும், மரத்திலிருந்து கனி பறிக்கும் இன்பமும் நம் குழந்தைகட்குக் கிட்டும். கரும்பு கடையில் முளைப்பதன்று என்பதையும் அவர்கள் கண்கூடாகக் காண்பர்.

செல்வோர் சிலவற்றை மனங்கொள்ளல் நலம். முன்னரே எழுதிக் கேட்டுச் செல்க. மூவர் உழைக்கும் வீட்டில் திடீரெனப் பதின்மர் இறங்குதல் முறையன்று. மழைக்காலத்தில் வழியின் நிலையை விசாரித்தறிந்து புறப்படுக. சின்னாற்றுக் காட்டு வழியில் வண்டியை நிறுத்தி இறங்குதலும், விலங்குகட்குத் தீனி வீசுதலும் கூடவே கூடா. பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுசென்ற நாமே திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். வாடகையில் பேரம் பேசாதிருத்தல் நன்று. இலைமுன் கரண்டி எண்ணாதவரிடம் நாம் காசை எண்ணி வாதிடுதல் அழகன்று.

பிழைப்பின் பொருட்டுத் திருச்சியும் சேலமும் மதுரையும் விட்டு வந்து, மாற்றல் உத்தரவு வரும்வரை இக்குவார்ட்டர்ஸ் வீடுகளை நம் வீடென எண்ணி வாழ்கின்றோம் நாம். மண்ணை விட்டு வந்தவர்க்கே மண்ணில் நிற்போரின் அருமை தெரியும். தலைமுறைகட்கு முன் மலையேறி, அங்கே வேரூன்றித் தமிழ் பேசி வாழும் ஒரு குடும்பம் அம்மண்ணை விடாதிருக்க நம் வருகை ஒரு சிறு துணையாகுமெனின், அதனினும் நல்ல விடுமுறை வேறில்லை.

விருப்பமுள்ளோர் விழா முடிந்தபின் எம்மிடம் வந்தால் அவ்வில்லத்துக்கு எழுதி அறை கேட்டுத் தருகின்றோம். சித்திரை வருமுன் நான்கு குடும்பங்கள் முன்வந்தாலும் போதும்.