விதைநெல்லுக்குக் காவல்: குட்டிப் பூனையா, வளர்ந்த பூனையா?



அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தாச்சு. பின்னாலேயே எலியும் வந்து சேரும். போன வாரம் ஒரு பெரியவர் கேட்டார்: "சார், விதைநெல் மூட்டையை எலி கடிக்குது. பூனை வளர்க்கலாம்னு இருக்கேன். குட்டியா கொண்டாரதா, வளர்ந்ததா கொண்டாரதா?"

நல்ல கேள்வி. இன்றைக்கு அதையே பேசுவோம்.

குட்டி பிள்ளைகளோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வீட்டை விட்டுப் போகாது. ஆனால் ஒழுங்காக எலி பிடிக்க அதற்கு ஐந்தாறு மாதமாவது ஆக வேண்டும். எலி அதுவரை காத்திருக்குமா? சினையான எலி மூன்றே வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

வளர்ந்த பூனை என்றால் வேலை தெரியும். எலி பிடிக்குமா, கோழிக்குஞ்சைத் தூக்குமா என்று வளர்த்தவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஒரே குறை, பழைய இடத்தைத் தேடி ஓடிவிடும். நானே இதில் ஏமாந்தவன். நல்ல வேட்டைப் பூனை ஒன்றைச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் கொண்டுவந்து, அன்று மாலையே அவிழ்த்துவிட்டேன். விடிந்து பார்த்தால் காணோம். நாலாம் நாள், மூன்று கிலோமீட்டர் தள்ளி, பழைய வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தது! இரண்டு மூன்று வாரம் ஓர் அறையில் அடைத்து, மணல் தட்டு வைத்து, என் கையாலேயே சோறு போட்டிருந்தால் தங்கியிருக்கும்.

ஆகவே, எலித் தொல்லை இப்போதே இருந்தால் வளர்ந்த பூனை. அடுத்த போகம் வரை பொறுக்கலாம், வளர்க்க வீட்டில் ஆளும் உண்டு என்றால் குட்டி. குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள். எலி பிடிக்கும் தாய், குற்றுயிராய் எலியைக் கொண்டுவந்து போட்டுக் குட்டிக்கு வேட்டை பழக்கும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பன்னிரண்டு வாரம் விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

எதைக் கொண்டுவந்தாலும் மூன்று விஷயம் மறக்காதீர்கள்.

ஒன்று, "பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும்" என்பது தப்பு. பசித்த பூனை ஊர் சுற்றப் போய்விடும். தினமும் கொஞ்சம் தீனி போடுங்கள்.

இரண்டு, பூனை உள்ள வீட்டில் எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் செத்துப்போகும்.

மூன்று, மூன்று மாத வயதில் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பெருச்சாளியைப் பல பூனைகள் நெருங்காது. அதற்குப் பொறிதான் வழி. மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்குங்கள். பாதிக் காவல் அது. மீதிக் காவலைப் பூனை பார்த்துக்கொள்ளும்.