ஆறாம் வகுப்பில் தொடங்குவது
(ஏற்காடு, வாழவந்தியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய அரங்கில் எதற்குப் பள்ளிக்கூடத்துச் சண்டையைப் பேசுகிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். நம்முடைய தன்வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் கோணிச் சாக்கில் தனியே உட்கார்ந்த வகுப்பறையிலிருந்து பாமாவின் ‘கருக்கு’ வரை, காயம் பட்ட இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். 1992-இல் வெளிவந்த ‘கருக்கு’வில், தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தப்பட்டு, மாணவர்கள் எல்லோர் முன்னிலையிலும் தலைமையாசிரியரால் சாதியைச் சுட்டி அவமானப்படுத்தப்படுகிறாள் ஒரு சிறுமி. நான் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் தலைமையாசிரியரை விட்டுவிட்டு, சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அன்று அவர்களும் ஒரு பாடம் படித்தார்கள். இவளை இப்படிப் பேசலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்கிற பாடம்.

ஆறு, ஏழு, எட்டு. இந்த மூன்று வகுப்புகளை மட்டும் நான் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்கப் பள்ளி அநேகமாக அவரவர் ஊரிலேயே, தெருவிலேயே முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பில்தான் நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சுக்கு வருகிறார்கள். ஊரும் சேரியும் தோளோடு தோள் உட்காருவது பல இடங்களில் அப்போதுதான் முதல்முறை. ‘நீ எந்தத் தெரு?’ என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. பதினொரு வயதில் கேட்கும்போது அது வெறும் கேள்வி. பதின்மூன்று வயதில் கையில் வண்ணக் கயிறு ஏறிவிடுகிறது.

இதற்குத் தமிழில் சரியான சொல் நம்மிடம் இல்லை. ஈழத்தமிழர் ‘பகிடிவதை’ என்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு. நம் பிள்ளைகள் ‘ஓட்டுறாங்க சார்’, ‘கலாய்க்கிறாங்க மிஸ்’ என்கிறார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டு, ‘விளையாட்டுக்குத்தானே’ என்று அனுப்பிவிடுகிறார். நார்வேயில் 1980-களின் தொடக்கத்தில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதை வடிவமைத்த டேன் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதை நம் மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

நாங்குநேரியை எல்லோரும் அறிவீர்கள். பள்ளியில் உடன் படிப்பவர்கள் அந்த மாணவரைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள், ஏவல் வேலை வாங்கினார்கள். அவர் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார். விசாரித்தபோது உண்மையைச் சொன்னார், புகார் கொடுத்தார். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வை, தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அந்த 469-ஐ நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நான் கேட்பது வேறு. சொல்லச் சொன்னோம், அந்தப் பிள்ளை சொன்னது. சொன்ன அன்று சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் யார் நின்றார்கள்? பிள்ளைகளிடம் ‘தைரியமாகச் சொல்’ என்கிற நாம், சொன்ன பிறகு வருகிற இரவைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அந்தச் சம்பவத்தையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கையில் கயிறு வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் வேண்டாம், அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொன்னது. எல்லாம் நடக்கக் கூடியவைதான். ஆனால் 2019-ஐ மறந்துவிடாதீர்கள். அந்த ஆண்டே பள்ளிக் கல்வித் துறை வண்ணக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சரே சொல்லிவிட்டார். நான்கு ஆண்டு கழித்து நாங்குநேரி.

இது தென்மாவட்டத்துச் சமாச்சாரம் என்று சேலத்துக்காரர்கள் ஒதுங்க வேண்டாம். இதே மாவட்டத்தில், கட்டிநாயக்கன்பட்டியில், 1995-இல் பானையில் தண்ணீர் மொண்டு குடித்ததற்காக ஆசிரியர் அடித்து ஒரு தலித் சிறுமிக்குக் கண் போனது. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் வந்து நின்றார்கள். அன்று மதியம் தட்டோடு நின்ற பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் யாரோடு சேர்ந்து உட்காரும்? பெரியவர்கள் காலையில் செய்ததைத்தான் பிள்ளைகள் இடைவேளையில் செய்கிறார்கள்.

இந்த மலைக்கு வருகிறேன். இங்கே கணக்குக் கொஞ்சம் சிக்கல். காப்பித் தோட்ட லைன் வீடுகளில் இருப்பவர்களில் நம் ஆட்கள் நிறைய, கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்து தலைமுறையாகத் தங்கிவிட்டவர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள். (இவர்கள் பிள்ளை சேலத்துப் பள்ளிக்குப் போனால் ‘நீ கேரளாவா?’ என்கிறார்கள். பெயரிலிருந்தே தொடங்கிவிடுகிறது கேலி.) லைன் வீட்டுப் பிள்ளையை ‘கூலிக்காரன் மவனே’ என்று ஒருவன் சொல்ல, அந்தப் பிள்ளை திரும்பிப் பழங்குடிப் பிள்ளையை ‘காட்டான்’ என்கிறான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் எழுதியதை நாம் மேடையில் மேற்கோள் காட்டுகிறோம். அது நம் பிள்ளையின் வாயிலும் இருக்கிறது. இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இந்த அரங்கில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? மேலே இருப்பவன் செய்தால் வன்கொடுமை, நம் வீட்டுப் பையன் செய்தால் விளையாட்டு என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. இருவரையும் கூப்பிட்டு, ‘கை குடுத்துக்கங்கடா’ என்று சேர்த்துவைக்காதீர்கள். சமமானவர்களின் சண்டைக்கு அது சரி. இங்கே அது ராஜி. வன்கொடுமை வழக்கில் ஊர்ப் பெரியவர்கள் வந்து ராஜி பேசுவது போலத்தான். அடிபட்ட பிள்ளை அந்தக் கையைக் குலுக்கிவிட்டு வெளியே போய் இன்னொரு அடி வாங்கும். தனித்தனியாகப் பேசுங்கள். ‘நீ என்ன பண்ணின?’ என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். இடம் மாற்றுவதென்றால் செய்தவனை மாற்றுங்கள், பட்டவனை அல்ல. புகார் வந்த அன்று அந்தப் பிள்ளை எந்தப் பாதையில், யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். மலைப்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மணி அடித்ததும் முடிந்துவிடுவதில்லை.

செய்தவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பு என்று நம் பக்கமே குரல் வருகிறது. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனை விரட்டினால் அந்தத் திமிர் அடுத்த பள்ளிக்கு பஸ் ஏறுகிறது, அவ்வளவுதான். அவன் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள், பையன் அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தான் என்று கேளுங்கள். பின்லாந்தில் சால்மிவல்லி என்ற ஆய்வாளர் காட்டியது எனக்கு உதவியாக இருக்கிறது. வம்பு செய்பவன் தனியாள் இல்லை, கூடச் சேருகிறவன், சிரிக்கிறவன், பார்த்துக்கொண்டு நிற்கிறவன் எல்லோரும் அதில் பங்கு. சிரிப்பு நின்றால் பாதி வேகம் குறையும். வகுப்பில் பேச வேண்டியது அந்தச் சிரிக்கிற பத்துப் பேரிடம்.

பெற்றோருக்கு: 1098, 14417 இரண்டு எண்களையும் பிள்ளையின் நோட்டில் எழுதிவையுங்கள். இன்னொன்று, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி பெண்களுக்கு, நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு. கையெழுத்து வாங்க மட்டும் நம்மைத் தேடுகிறார்கள். லைன் வீட்டுத் தாய் ஒருவரும் பழங்குடித் தாய் ஒருவரும் அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்து போங்கள். கழிப்பறை, தண்ணீர், சத்துணவு என்று பேசுகிற பட்டியலில் இதையும் எழுதச் சொல்லுங்கள். இந்த மாதம் யாராவது பிள்ளை புகார் சொன்னதா, சொன்ன பிறகு என்ன நடந்தது என்று. தீர்மான நோட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.