உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

(மாணவர் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சந்தையில் சாதி இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காசு கொடுத்தால் யாருக்கும் கத்தரிக்காய் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வாங்குவது வேறு, உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் தலித் மக்களின் காசைக் கல்லாவில் போட்டுக்கொண்டவர்கள்தான் அவர்களுக்குத் தனிக்குவளையும் வைத்தார்கள். காசுக்குத் தீட்டு இல்லை, வாய் வைத்த குவளைக்குத்தான் தீட்டு. ஆகவே எந்தச் சந்தைக்குப் போனாலும் நான் இரண்டு கேள்விகளோடு போகிறேன். இங்கே யார் உட்கார்ந்து சாப்பிடலாம்? யாருடைய சாப்பாட்டை எல்லோரும் பார்க்கும்படி விற்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சந்தைகளை வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு, அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றியது. டர்பனில் தங்கியிருந்த நாட்களில் என் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பெரும்பாலும் அந்தச் சந்தைகளில்தான்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. கடல் தாண்டியவர்களையும் அந்தக் கட்டம் விடவில்லை.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் சிறு நிலங்களில் காய்கறி பயிரிட்டு, விடியும் முன்பே நகரத்துக்குக் கொண்டுவந்து தெருவோரம் விற்றார்கள். அவர்களுக்கான சந்தைதான் 1934இல் வார்விக் பகுதியில் திறக்கப்பட்ட 'எர்லி மார்னிங் மார்க்கெட்'. இன்றும் அங்கே கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வெண்டைக்காயும் வாங்கலாம்.

அந்த ஊரின் பேர்போன சாப்பாடு 'பன்னி சௌ'. சிரிக்காதீர்கள், அதில் பன்றியும் இல்லை, முயலும் இல்லை. 'பனியா' என்ற வணிகச் சாதிப் பெயர் திரிந்து வந்தது என்கிறார்கள். பாதி ரொட்டியின் உள்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சூடான அவரைக் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ ஊற்றித் தருவார்கள். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது, கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். நல்ல காரம், நல்ல ருசி.

இது எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் இந்திய உணவகங்களுக்குள் உட்கார முடியாது, அவர்களுக்குப் பின்வாசல் வழியே பார்சல் கொடுக்கக் கண்ட வழி என்பது ஒரு கதை. கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகக் கண்ட வழி என்பது இன்னொரு கதை. எது சரியானாலும், இரண்டிலும் சாப்பிடுகிறவருக்கு உட்கார இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொட்டாங்கச்சியில் தேநீர் வாங்கிக் குடித்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இந்த ரொட்டியைப் பற்றி யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் தானாக ஒன்றுசேர்ந்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1949 ஜனவரியில் டர்பனின் இந்தியக் கடைவீதியில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை இந்தியர் ஒருவர் அடித்ததில் கலவரம் மூண்டது. இறந்தவர்கள் 142 பேர். மேலே இருந்து வெள்ளை அரசு மக்களைப் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தது. கீழே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொண்டார்கள். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை வேறு நிறத்தில் அங்கேயும் வேலை செய்தது.

அதே சந்தை அறுபது ஆண்டுகள் கழித்து வேறொன்றையும் காட்டியது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டி, எர்லி மார்னிங் மார்க்கெட் இருக்கும் இடத்தில் வணிக வளாகம் கட்ட 2009இல் நகராட்சி முடிவெடுத்தது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். போலீஸ் ரப்பர் குண்டுகளால் சுட்டது. வழக்கும் நடந்தது. கடைசியில் நகராட்சி பின்வாங்கியது. சந்தை இன்னும் இருக்கிறது.

அதற்கு அருகிலேயே மாட்டுத் தலைக்கறிச் சந்தை. ஜூலு பெண்கள் மாட்டுத் தலைகளைப் பெரிய பாத்திரங்களில் வேகவைத்து, கறியை அரிந்து, உப்பும் மிளகாயும் வைத்துத் தருகிறார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, நகராட்சி இந்தப் பெண்களை விரட்டாமல், அவர்களோடு பேசிச் சமைக்க வசதி செய்துகொடுத்தது. பேருந்து, ரயில் பயணிகள் கடந்து போகும் நடு ஊரில் அந்தக் கறி வேகிறது. நானும் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். பக்கத்திலிருந்தவர் கேட்டது ஒன்றுதான்: "மிளகாய் போதுமா?"

நம் ஊருக்கு வருவோம். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கும் பேர்போன ஊரில் அதற்கு மட்டும் அரங்கில் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். வீட்டில் சாப்பிடுங்கள், சந்துக்குள் சாப்பிடுங்கள், பந்தலுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள் என்பதுதானே இதன் பொருள்? பின்வாசல் பார்சலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தோழர்களே, உணவைப் பற்றி வீடியோ போடுகிறோம், பழைய சந்தைகளைத் தேடிப் போகிறோம். நல்லது, தொடர்ந்து போவோம். ருசியைப் பற்றிப் பேசும்போதே, அந்தக் கடையில் யாருக்கு நாற்காலி, யாருக்குப் பார்சல் என்பதையும் பேசுவோம். அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு உணவுத் திருவிழாவிலும் மாட்டுக்கறிக்கு அரங்கு உண்டா என்று, விழா முடிந்த பிறகு அல்ல, அறிவிப்பு வந்த அன்றே எழுதிக் கேட்போம்.

ஜெய் பீம்.